சுமங்கலித் திட்டம்

சுமங்கலித் திட்டம் என்பது தமிழ்நாட்டு நூற்பாலைகள் பல, மணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வேலைக்கு அமர்த்தி, ஆலை வளாக விடுதியிலேயே தங்கவைத்து, ஒப்பந்தம் முடியும்போது திருமணச் செலவுக்கென ஒரு தொகையை மொத்தமாக வழங்குவதாக உறுதியளித்த வேலை முறையைக் குறிக்கும். "திட்டம்" என்று அழைக்கப்பட்டாலும் இது அரசுத் திட்டம் அன்று. 1990களின் பிற்பகுதியில் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் பரவிய இம்முறை, 2010களில் ஆட்கடத்தலின் ஒரு வடிவமாகவும் கொத்தடிமை முறையாகவும் பன்னாட்டு அளவில் விவாதிக்கப்பட்டது. இதில் சிக்கிய பெண்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்ற அளவிலேயே பெரும்பாலும் அறியப்படுகின்றனர். அவர்கள் தாமே கணக்கிட்டு எடுத்த முடிவுகளும், ஆலைக்குள்ளும் ஊர் திரும்பிய பின்னும் மேற்கொண்ட எதிர்ப்புகளும் இம்முறையின் வரலாற்றில் குறைந்த பங்குடையன அல்ல.

பெயர்

கணவன் உயிரோடிருக்கும் மணமான பெண்ணைக் குறிக்கும் "சுமங்கலி" என்னும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. திருமகள் திருமணத் திட்டம், மாங்கல்யத் திட்டம் ஆகிய பெயர்களும் வழங்கின. விடுதியில் தங்கவைத்து வேலைவாங்கும் முறை பொதுவாக "கேம்ப் கூலி" எனப்பட்டது. கிராமங்களில் "மில்லு வேலை" என்றாலே போதும். அது விடுதி வேலை என்பது விளங்கிவிடும். 1961 ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கு மாறான ஒரு செலவையே முன்னிறுத்தி ஆலைகள் ஆள் சேர்த்தன என்பது இப்பெயரிலேயே வெளிப்படுகிறது.

பின்னணி

கோயம்புத்தூரின் முதல் நூற்பாலை 1888 இல் இராபர்ட் ஸ்டேன்சால் தொடங்கப்பட்டது. பைகாரா நீர்மின் நிலையம் 1932 இலும், மேட்டூர் நீர்மின் நிலையம் 1937 இலும் இயங்கத் தொடங்கியதும் ஆலைகள் பெருகின. தொடக்கத்தில் பெண்களும் கணிசமான அளவில் வேலைசெய்தனர். இரவு வேலைத் தடை, மகப்பேற்று உதவி ஆகியன சட்டமான பின் ஆலைகள் பெண்களைச் சேர்ப்பதைக் குறைத்தன. நிரந்தரத் தொழிலாளரான ஆண்களைச் சுற்றியே தொழிற்சங்கங்களும் வளர்ந்தன.

1981 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று, 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் வேலைசெய்த தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது. நகருக்கு வெளியே புதிதாக எழுந்த ஆலைகள் நிரந்தரத் தொழிலாளரையும் சங்கத்தையும் தவிர்க்க விரும்பின. மூன்றாண்டுகளில் தாமாகவே வெளியேறிவிடும் மணமாகாத பெண்கள் இதற்குப் பொருத்தமாயினர். அவர்கள் "பயிலுநர்" எனப் பதிவு செய்யப்பட்டதால் நிரந்தர உரிமையும் எழவில்லை. ரிங் பிரேமில் அறுந்த இழையைச் சேர்க்கக் கற்பதற்கு மூன்றாண்டுகள் தேவையில்லை என்பது அவ்வேலையைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

பெண்கள் ஆலைகளில் இரவில் வேலைசெய்வதற்கு இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் பாதுகாப்பு நிபந்தனைகளுடன் நீக்கியது. பெண் தொழிலாளரின் சமவுரிமையை முன்வைத்து வழங்கப்பட்ட அத்தீர்ப்பு, விடுதிகளிலிருந்து எல்லா நேரமுறைகளுக்கும் ஆள் எடுக்கும் வாய்ப்பையும் ஆலைகளுக்குத் தந்தது. 2005 சனவரி 1 இல் உலகத் துணி வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்ததும் நூலுக்கான தேவை மேலும் கூடியது.

அனுப்பும் ஊர்கள்

பெண்கள் பெரும்பாலும் ஆலைகளுக்கு அருகிலுள்ள ஊர்களிலிருந்து எடுக்கப்படவில்லை. தெற்கே திருநெல்வேலி, தேனி முதல், வடக்கே விழுப்புரம், தருமபுரி வரை மழையை நம்பிய வேளாண்மை கொண்ட மாவட்டங்களிலிருந்தே தரகர்கள் ஆள் திரட்டினர். தொலைவிலிருந்து வருபவர் இடையில் எளிதில் ஊர் திரும்ப முடியாது என்பது இதற்கு ஒரு காரணம்.

தருமபுரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி இவ்வகை நிலத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். பெண்ணாகரம் வட்டத்திலுள்ள ஏரியூர், நெருப்பூர், நாகமரை ஆகிய ஊர்கள் 1934 இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டியோ அதற்கு அண்மையிலோ அமைந்துள்ளன. ஆயினும் அணையின் பாசனம் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கே உரியது. மேட்டு நிலமான இவ்வூர்களில் கேழ்வரகு, சாமை, கொள்ளு, நிலக்கடலை ஆகிய பயிர்கள் மழையை எதிர்பார்த்தே விளைகின்றன. காவிரியின் உபரிநீரை ஏற்றித் தரக் கோரும் குரல் மாவட்டத்தில் நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. கண்ணெதிரே தேங்கிய நீர் வயலுக்கு வராமல் மின்சாரமாகி ஆலைகளுக்குச் சென்றதும், பின்னர் இம்மாவட்டத்துப் பெண்களும் அவ்வாலைகளை நோக்கிச் சென்றதும் ஒரே வட்டாரப் பொருளாதாரத்தின் இரு கட்டங்கள் ஆகும்.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு வீதம் 68.54% ஆக இருந்தது. மாநிலத்தில் இதுவே மிகக் குறைவு. பள்ளியை இடையில் விட்ட பெண்ணுக்கு ஊரில் எஞ்சியவை களைபறித்தல், ஆடு மேய்த்தல், இளவயதுத் திருமணம் ஆகியனவே. கோயம்புத்தூர் அரை நாள் பேருந்துப் பயணத்தில் உள்ளது. மாநில எல்லையைத் தாண்டாததால் 1979 ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தின் கண்ணில் இப்பெண் புலம்பெயர்ந்தவராகவே படவில்லை.

ஒப்பந்தம் செயற்பட்ட விதம்

தரகர் ஊருக்கு வந்து பெற்றோரிடம் பேசுவார். வண்ணத் துண்டறிக்கையில் மூவேளை உணவு, தொலைக்காட்சி, பாதுகாப்பான விடுதி, முடிவில் ரூ. 30,000 முதல் ரூ. 50,000 வரை அல்லது அதற்கு மேலும் ஒரு தொகை என்று அச்சிடப்பட்டிருக்கும். சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் தரகருக்குப் பணம் உண்டு. அவர் பெரும்பாலும் அயலார் அல்லர். உறவினராகவோ, அதே ஆலையில் முன்பு வேலைசெய்த பெண்ணாகவோ இருப்பதுண்டு.

மாதந்தோறும் தரப்படும் சிறு ஊதியத்திலிருந்து உணவு, தங்குமிடச் செலவு கழிக்கப்பட்டது. வேலை பன்னிரண்டு மணி நேரம் வரை நீண்டது. ஒருவர் வராவிட்டால் விடுதியில் உறங்குபவரை எழுப்பி அடுத்த நேரமுறைக்கும் அனுப்புவது நிகழ்ந்தது. வாயிலைத் தாண்ட அனுமதி வேண்டும்; தொலைபேசியில் விடுதிக் காப்பாளர் முன்னிலையில் பேச வேண்டும். பஞ்சுத் தூசியால் மூச்சுத் தொல்லை, குறைந்த உறக்கம், மாதவிடாய்க் கோளாறு ஆகியவை பரவலாகப் பதிவாகியுள்ளன. பெயர் ஒட்டப்படாத வலி மாத்திரைகள் ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்களுக்குத் தரப்பட்டதைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019 இல் வெளிக்கொணர்ந்தது.

இம்முறையின் உயிர்நாடி முடிவில் தரப்படும் தொகையே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழரைக் கொண்டுசென்ற கங்காணி முறையில் தொழிலாளி முன்பணத்தால் கட்டப்பட்டார்; அவருடைய கடனைக் காட்டும் "துண்டு" ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறியது. 1921 இல் துண்டு முறை தடைசெய்யப்பட்டது. சுமங்கலித் திட்டத்தில் இது தலைகீழானது. ஆலைக்குப் பெண் கடன்பட்டிருக்கவில்லை. அவருக்கு ஆலையே கடன்பட்டிருந்தது. எடுத்துக்காட்டாக, முடிவுத் தொகை ரூ. 36,000 எனின் மாதம் ரூ. 1,000 பிடித்துவைக்கப்படுவதற்கு அது சமம். ஆறாம் மாதத்தில் வெளியேறுபவர் ரூ. 6,000 இழப்பார், முப்பதாம் மாதத்தில் வெளியேறுபவர் ரூ. 30,000 இழப்பார். உடல் தளரத் தளர வெளியேறும் விலை ஏறிக்கொண்டே சென்றது. பூட்டிய வாயிலைவிட இக்கணக்கே பெண்களை வலுவாகப் பிடித்து வைத்தது எனலாம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு நிறுவனமும் நெதர்லாந்து இந்தியக் குழுவும் 2011 இல் வெளியிட்ட அறிக்கை, சுமார் 1,20,000 பெண்கள் இம்முறையில் வேலைசெய்ததாகவும் அவர்களில் ஏறத்தாழ 60% தலித்துகள் எனவும் மதிப்பிட்டது. நெதர்லாந்து இந்தியக் குழு 2016 இல் 743 நூற்பாலைகளைப் பற்றி வெளியிட்ட மற்றோர் அறிக்கை, அவற்றில் 91% ஆலைகளில் கொத்தடிமையின் ஏதேனும் ஒரு வடிவம் காணப்பட்டதாகக் கூறியது. ஆலை உரிமையாளர்கள் இக்கருத்தை ஏற்கவில்லை. ஏழைப் பெண்களுக்குப் பாதுகாப்பும் சேமிப்பும் தரும் நலமுறையே இது என்பது அவர்தம் வாதம்.

ஆட்கடத்தலா, விருப்பமா?

பெண்கள் தாமே விரும்பி வந்தனர் என்பதும், முன்பணம் எதுவும் தரப்படவில்லை என்பதும் திட்டத்துக்கு ஆதரவாக அடிக்கடி முன்வைக்கப்பட்டவை.

முதலாவதற்கு, ஐக்கிய நாடுகள் அவை 2000 இல் ஏற்றுக்கொண்ட பலேர்மோ நெறிமுறை விடை தருகிறது. ஏமாற்று, வற்புறுத்தல், இயலாநிலையைப் பயன்படுத்தல் ஆகிய வழிகள் கையாளப்பட்டிருப்பின் பாதிக்கப்பட்டவரின் இசைவு கருதப்படாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் எனின் அவ்வழிகளை நிறுவவும் வேண்டியதில்லை. இந்தியா இதனை 2011 இல் ஏற்புறுதி செய்தது. 2013 இல் திருத்தப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 370 ஆம் பிரிவும், அதற்குப் பதிலாக 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்கிதா 143 ஆம் பிரிவும் இசைவைப் பொருட்படுத்துவதில்லை. எனினும், சுரண்டல் என்பதற்கு இப்பிரிவுகள் தரும் விளக்கத்தில் "அடிமைத்தனத்தை ஒத்த நடைமுறைகள்" இடம்பெற்றிருக்க, "கட்டாய உழைப்பு" என்ற சொல் நேரடியாக இல்லை. ஆலை வேலையை ஆட்கடத்தலாக வழக்குப் பதியக் காவல் நிலையங்கள் தயங்குவதற்கு இது இடமளிக்கிறது. ஆட்கடத்தல் என்றாலே பாலியல் தொழில் என்று கொள்ளும் பொதுப்புத்தியும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவதற்கு விடை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ளது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982 இல், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழ் வேலைவாங்குவது அரசியலமைப்பின் 23 ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிமன்றம் கூறியது. வறுமையும் பசியும் கூட வற்புறுத்தலே என்பது அத்தீர்ப்பின் சாரம். பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு நிறுவப்பட்டால் முன்பணம் இருந்ததாகவே கொள்ளலாம் என்றும், அதனை மறுப்பது வேலைவாங்குபவரின் பொறுப்பு என்றும் முடிவு செய்யப்பட்டது.

பெண்களின் நோக்கு

சட்டம் இசைவைப் புறந்தள்ளுவது குற்றவாளி தப்பாமல் இருப்பதற்காகவே. அதனைப் பெண்ணுக்கு விருப்பமே இருக்கவில்லை என்று படிப்பது பிழையாகும். ஊரைவிட்டுச் சென்றவர் பலர் ஏமாந்து மட்டும் செல்லவில்லை. பார்த்திராத ஒருவருடன் நடக்கவிருந்த திருமணத்தை மூன்றாண்டு தள்ளிவைக்க, தம்பியின் பள்ளிச் செலவை ஏற்க, தந்தையின் கடனை அடைக்க, அல்லது வெறுமனே வெளியுலகைப் பார்க்க என்று பல காரணங்கள் இருந்தன. வீட்டில் கிடைக்காத பேச்சுரிமை, பணம் அனுப்பும் மகளுக்குக் கிடைத்தது. இவ்விருப்பங்கள் உண்மையானவை; அவற்றைப் பயன்படுத்திக்கொண்ட ஏற்பாடும் உண்மையானது.

ஆலைக்குள் எதிர்ப்பு பெரும்பாலும் ஓசையின்றி நடந்தது. காய்ச்சலில் கிடப்பவரின் வேலையை அறைத்தோழியர் பகிர்ந்து செய்தனர். கைப்பேசி மறைத்து வைக்கப்பட்டுப் பொதுவில் பயன்பட்டது. இல்லாத உறவினரின் சாவைச் சொல்லியோ வீட்டு விசேடத்தைக் காட்டியோ விடுப்புப் பெறப்பட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் சென்றவர்கள் திரும்பாமலிருப்பது மிகப் பரவலான முறை. வேலைநிறுத்தம் செய்ய வழியில்லாத இடத்தில் திரும்பாமை அதன் இடத்தைப் பிடித்தது எனலாம். அதற்குக் கொடுத்த விலை முடிவுத் தொகை. மூன்றாம் ஆண்டில் நோயுடன் தங்கியிருந்தவரும் முதலாண்டிலேயே வெளியேறியவரும் அதே கணக்கையே போட்டனர். விடை வேறாக இருந்தது. தங்கியவரைப் பணிந்தவர் என்றும் ஓடியவரைத் துணிந்தவர் என்றும் பிரிப்பது பொருத்தமாகாது.

ஊர் திரும்பிய பின்னரும் இடர் ஓயவில்லை. வெளியூர் விடுதியில் தங்கிய பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி ஊரில் பேச்சு எழும். திருமணத்துக்கெனச் சேர்த்த பணமே திருமணத்துக்குத் தடையாகும் முரணை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இச்சூழலிலும் முன்னாள் தொழிலாளர்கள் குழுக்களாகச் சேர்ந்தனர். தரகர் வரும்போது ஆலையில் நடப்பதை இளையோருக்குச் சொல்லுதல், பிடித்துவைத்த ஊதியத்தைத் தொழிலாளர் துறையில் கோருதல், தம் பெயரில் வருங்கால வைப்பு நிதி கட்டப்பட்டதா எனக் கேட்டறிதல் ஆகியன இக்குழுக்களின் பணிகளாயின. முடிவுத் தொகை பரிசன்று, தம் ஊதியத்தின் ஒரு பகுதியே என்று தெரிந்துகொண்டது இவற்றுள் பெரிய மாற்றம். தொண்டு நிறுவனங்கள் இதற்குத் துணைநின்றன. சத்தியமங்கலத்தின் ரீட், திருப்பூரின் சேவ், திருநெல்வேலியின் வான்முகில் ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

மீட்பு நடவடிக்கைகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கொத்தடிமை மறுவாழ்வுக்கான 2016 ஆம் ஆண்டின் நடுவண் திட்டம், பெண்களுக்கு ரூ. 2 இலட்சமும், கடுமையான சுரண்டலுக்கும் ஆட்கடத்தலுக்கும் உள்ளானோருக்கு ரூ. 3 இலட்சமும் வழங்க வகைசெய்கிறது. ஆனால் முழுத்தொகை கிடைப்பது குற்ற வழக்கின் முடிவுடன் பிணைக்கப்பட்டது. இங்கும் பணம் இறுதியிலேயே வருகிறது. மேலும், மீட்கப்பட்ட பெண்ணைக் கேளாமலே காப்பகத்தில் வைப்பது மற்றொரு பூட்டிய விடுதியாக அவருக்குத் தோன்றக்கூடும். "மீண்டெழும் ஆற்றல்" என்று பெண்களைப் புகழும் அறிக்கைகள் சில, எழ வேண்டிய சுமையையும் அவர்கள் தலையிலேயே வைத்துவிடுகின்றன.

திண்டுக்கல் உடன்பாடு

தலித் பெண்களைத் தலைமையாகவும் பெரும்பான்மை உறுப்பினராகவும் கொண்ட தமிழ்நாடு துணிநூல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2013 இல் தொடங்கப்பட்டது. ஆண்களின் சங்கங்கள் எட்டாத விடுதிகளுக்கும் கிராமங்களுக்கும் இது சென்றது. ஆலை வாயிலில் உறுப்பினர் சேர்க்க இயலாதபோது தொழிலாளரின் வீட்டுத் திண்ணையில் சேர்த்தது.

2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நாச்சி அப்பாரல் ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். கொல்லப்பட்டவர் அச்சங்கத்தின் உறுப்பினர். அவருடைய குடும்பத்தினரும் உடன் வேலைசெய்த பெண்களும் அமைதியாகிவிடவில்லை. ஆலையில் நடந்த பாலியல் தொல்லைகளை வெளிப்படையாகக் கூற முன்வந்தனர். ஓராண்டுக்கு மேல் நீடித்த இயக்கத்தின் பின், 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் சங்கமும், ஆசிய அடிப்படை ஊதியக் கூட்டணியும், குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும் உடன்பாடு செய்துகொண்டன. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் இதற்கு உட்பட்டுக் கையொப்பமிட்டன.

இவ்வுடன்பாட்டின்படி 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற அளவில் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். பாலினம், சாதி, புலம்பெயர்ந்த நிலை ஆகியவற்றை முன்னிட்டு நடக்கும் வன்கொடுமைகளை அவர்கள் முறையிடலாம். முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது. நிறுவனம் மீறினால் ஆடை நிறுவனங்கள் வணிக விளைவுகளை ஏற்படுத்தக் கடமைப்பட்டவை. ஆடைத் தொழிற்சாலையுடன் நூற்பாலையும் உட்பட 5,000க்கு மேற்பட்ட தொழிலாளருக்கு இது பொருந்தியது. முந்தைய நன்னடத்தை விதிகளை நிறுவனங்கள் தாமே எழுதித் தாமே தணிக்கை செய்தன. இதில் கண்காணிப்பவர் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண்ணே. ஐக்கிய அமெரிக்காவின் சுங்கத் துறை 2022 சூலையில் அத்தொழிற்சாலைப் பொருள்களுக்கு விதித்த தடையை, இவ்வுடன்பாட்டின்படி செய்யப்பட்ட திருத்தங்களைக் கருத்திற்கொண்டு செப்டம்பரில் நீக்கியது.

அரசின் நடவடிக்கைகள்

தமிழ்நாடு அரசு 2008 இல் ஆலைப் பயிலுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது. 2014 இல் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டு, விடுதிகளுக்குப் பதிவும் உரிமமும் கட்டாயமாக்கப்பட்டன. 1979 ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தின் இடத்தை 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு எடுத்துக்கொண்டது. மாநிலத்துக்குள் இடம்பெயர்வோர் அதன் வரையறைக்கும் வெளியிலேயே உள்ளனர்.

திருமணத்தை முன்வைத்த உதவி ஆலைகளுக்கு மட்டும் உரியதன்று. 1989 இல் அரசு தொடங்கிய திருமண உதவித் திட்டம் எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்களுக்கு ரூ. 5,000 வழங்கியது. படிப்பை நிபந்தனையாக்கியது அதன் சிறப்பு. அதற்குப் பெயரளித்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962), தாம் பிறந்த சமூகத்தைப் பிணித்திருந்த தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். பெண்களைப் பிணைக்கும் முறையை அதனுள்ளிருந்து வந்த ஒருவரே உடைக்க முன்வந்ததற்கு அவர் தமிழகத்தின் முன்னோடி. 2022 செப்டம்பர் 5 இல் இத்திட்டம் "புதுமைப் பெண்" என மாற்றப்பட்டு, அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் ரூ. 1,000 அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. பணம் திருமண நாளுக்காகக் காத்திருப்பதில்லை.

பிற்கால நிலை

எதிர்ப்பு வலுத்ததும் ஆலைகள் சுமங்கலி என்ற பெயரைக் கைவிட்டன. பல இடங்களில் மாத ஊதியம் வங்கி வழியாகத் தரப்படுகிறது. மூன்றாண்டு ஒப்பந்தமும் அருகியது. விடுதி முறை தொடர்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் விழிப்பு கூடியதாலும் பெண்கள் கல்லூரிக்குச் செல்வதாலும் ஒடிசா, சார்க்கண்ட், பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து இளம்பெண்கள் கொண்டுவரப்படுகின்றனர். தருமபுரிப் பெண்ணுக்கு அரை நாள் பயணமாக இருந்த வீடு இவர்களுக்கு இரண்டு நாள் தொடர்வண்டித் தொலைவில் உள்ளது. விடுதிக் காப்பாளரின் மொழியும், புகார் எண்ணை அறிவிக்கும் பலகையின் மொழியும் இவர்களுக்குத் தெரியாது. 2020 ஊரடங்கின்போது விடுதிகளில் சிக்கியோரில் இவர்களும் இருந்தனர். தமிழ் அறியாத இப்பெண்களை உறுப்பினராக்குவது தொழிற்சங்கங்களின் முன்னுள்ள பணியாக இருந்து வருகிறது.